கழுத்தில் கட்டும் நெறி: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மனித உடலில் ஏறத்தாழ 600 முதல் 800 வரை நிணநீர்க் கணுக்கள் உள்ளன என்றும், அவற்றுள் 300 அளவுக்குக் கழுத்திலேயே அமைந்துள்ளன என்றும் உடற்கூற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களிடையே தேங்கும் நீர்மம் மெல்லிய நாளங்கள் வழியே மீண்டும் இரத்தத்தைச் சென்றடையும்போது இக்கணுக்களைக் கடந்தே செல்கிறது. அதில் கிருமியோ புற்றணுவோ கலந்திருந்தால் அதை முதலில் எதிர்கொண்டு வீங்குபவையும் இவையே. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது தோட்டப்புறத்தில் படிக்காதவர்களும் அறிந்த செய்தி. கழுத்தில் கட்டும் நெறிக்கு மட்டும் புண் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. தலைத்தோல், காது, ஈறு, நாக்கின் அடி, அடிநாக்குச் சதை, மூக்கின் பின்புறம், தைராய்டு, சில வேளைகளில் நெஞ்சும் வயிறும்கூட அங்கே வடிவதால், ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளுள் ஒன்று பேன் கடித்த புண்ணாலும் மற்றொன்று இரைப்பைப் புற்றாலும் வந்திருக்கக்கூடும். எனவே, கட்டியை எவ்வளவு நேரம் தடவிப் பார்த்தாலும் அது தன்னைப் பற்றிச் சொல்வது குறைவு. அது எந்த இடத்தில், யாருக்கு, எத்தனை நாளாக, எந்தத் தொழிலினிடையே வந்தது என்பவையே நோயறிதலுக்கு வழி காட்டுகின்றன.

இந்த நோக்கில் கோல சிலாங்கூரும் அதையடுத்த வட சிலாங்கூர்த் தோட்டங்களும் தனியே ஆராயத்தக்க களம் ஆகின்றன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே என்பவரால் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் உருவாக்கப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தைதான் இன்றைய பெஸ்தாரி ஜெயா. ரப்பரும் பின்னர் செம்பனையும் பயிரிடப்பட்ட இம்மண்ணில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தலைமுறைகளாக லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களுடைய முதல் மருத்துவர், பட்டம் பெற்ற டாக்டர் அல்லர், ‘டிரஸ்ஸர்’ என்று அழைக்கப்பட்ட தோட்ட மருத்துவமனை உதவியாளரே ஆவார். 1965ஆம் ஆண்டில்தான் இவ்வுதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இன்று பல லயங்கள் கலைந்து, தமிழ்க் குடும்பங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்களின் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட, குலை வெட்டும் வேலையைப் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் செய்கின்றனர். ஆகவே இப்பகுதியின் கழுத்துக் கட்டிகளை ஆராய்பவர் தோட்டத்தின் பழைய நோய்களையும் நகரத்தின் புதிய நோய்களையும் ஒருசேர நினைவில் கொள்ள வேண்டியவராகிறார்.

முதற்கேள்வி, கட்டி உண்மையிலேயே நிணநீர்க் கணுதானா என்பது. விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் நடுக்கழுத்துக் கட்டி தைராய்டைச் சார்ந்தது. நாக்கை நீட்டும்போதும் அது மேலெழுந்தால் பிறவியிலேயே அமைந்த நீர்ப்பையாக இருக்கலாம். சாப்பாட்டு வேளையில் புடைத்துப் பின்னர் வற்றும் தாடையடி வீக்கம் உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்லின் அடையாளம். காதுமடலைத் தூக்கிக்கொண்டு கன்னத்தின் கீழ்ப்புறம் மாவு போல் பரவும் வீக்கம் பொன்னுக்கு வீங்கி. இதற்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவிப்பதும் மஞ்சள் பூசுவதும் தீங்கற்றவையே, ஆனால் வாரக்கணக்கில் வற்றாத கட்டிக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக் காத்திருப்பது தீங்கற்றதன்று, ஏனெனில் வெந்த தோலின் கீழே நடப்பது பின்னர் கைக்கும் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

கணுதான் என்று தெரிந்த பிறகு இடம் பேசுகிறது. பரிசோதிப்பவர் நோயாளியின் பின்னால் நின்று, அவர் தலையைச் சோதிக்கும் பக்கமாகச் சற்றே சாய்த்துத் தசையைத் தளர்த்தி, விரல் நுனிகளால் கிள்ளாமல் விரல்களின் சதைப்பகுதியால் உருட்டி, முகவாய்க்கட்டையின் அடியில் தொடங்கித் தாடையோரமாகக் காதின் கீழ் வரையும், அங்கிருந்து கழுத்துத் தசையை ஒட்டிக் காறை எலும்பு வரையும், பின்னர் பிடரி வழியாகவும் செல்வது மரபு. முகவாய்க்கு அடியிலும் தாடையடியிலும் வீங்கினால் பல், ஈறு, உதடு, நாக்கு ஆகியவற்றையும், தாடைக்கோணத்தின் கீழ் வீங்கினால் அடிநாக்குச் சதையையும், பிடரியில் வீங்கினால் தலைத்தோலையும் பார்க்க வேண்டும். லயக் குழந்தைகளிடம் பிடரிக் கணுக்களுக்குப் பேனும் அதைச் சொறிந்த புண்ணும் காரணமாக இருப்பது வழக்கம். கூந்தலைப் பிரித்துப் பார்க்காமல் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பவர் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார் என்றே சொல்ல வேண்டும். காறை எலும்பின் மேற்குழியில் வரும் கணு மட்டும் எந்த வயதிலும், எந்த அளவிலும் அலட்சியத்துக்கு உரியதன்று. வயிற்றுப் பகுதியின் நிணநீரைச் சுமந்து வரும் பெருநாளம் இடப்பக்கமே இரத்தத்தில் கலப்பதால் இரைப்பை, கணையம் முதலியவற்றின் புற்றுநோய் முதன்முதலில் அங்கே தலைகாட்டுவது உண்டு. வலப்பக்கக் கணு நெஞ்சைத் தேடச் சொல்கிறது.

காலமும் வயதும் அடுத்துப் பேசுகின்றன. ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட, மெத்தென்ற, விரலுக்கடியில் வழுக்கும் கணுக்கள் பள்ளி வயதுக் குழந்தைகள் பெரும்பாலோர் கழுத்தில் உண்டு. அவை நோயின் தழும்புகளே அன்றி நோய் அல்ல. காய்ச்சலும் தொண்டை வலியுமாகச் சில நாட்களில் தோன்றி இரண்டு மூன்று வாரங்களில் வற்றுபவை பெரும்பாலும் வைரசால் வருபவை. டெங்கியிலும் கணுக்கள் வீங்குவதுண்டு. சிவந்து, சூடேறி, வலித்துச் சீழ் கட்டினால் பாக்டீரியாவைக் கருதி ஒருமுறை நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதில் தவறில்லை. தவறு இரண்டாம் முறையிலிருந்து தொடங்குகிறது. நான்கு முதல் ஆறு வாரங்கள் கடந்தும் வற்றாத, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய, கல் போன்று இறுகிய அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கணு, அதிலும் நாற்பது வயதைக் கடந்தவரிடம் காணப்படுவது, திசுவை எடுத்துப் பார்க்காமல் விடத்தக்கதன்று. ஆயினும் தோட்டப்புறத்து நோயாளி ஒரு கிளினிக்கிலிருந்து மற்றொரு கிளினிக்குக்குச் செல்லும்போதெல்லாம் வெவ்வேறு நிற மாத்திரைகளோடு திரும்புவதே நடைமுறையாக உள்ளது. இவற்றுள் குவினோலோன் வகை மருந்து இருந்தால் அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிச் சில வாரங்கள் நோயை மறைத்துவிடும். ஸ்டீராய்டு கொடுத்தாலோ நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகூடக் கரைந்து, பின்னர் எடுக்கும் திசுவில் நோய் அடையாளமே தெரியாமல் போகலாம். வீக்கம் குறைந்தது என்பதைக் குணமானது என்று கொள்வதால் விளையும் தாமதம், நோய் தானே வளர்வதால் விளையும் தாமதத்துக்குச் சளைத்ததன்று.

ஆறு வாரங்களைக் கடந்த கழுத்துக் கட்டிகளுள் இம்மக்களிடையே முதலில் கருதத்தக்கது காசநோய். சித்த மருத்துவம் கண்டமாலை என்று வழங்கும் நோய்நிலை பெரும்பாலும் இதுவே. மலேசியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25,000 பேருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. நுரையீரலுக்கு வெளியே அது தாக்கும் இடங்களுள் கழுத்துக் கணுக்கள் முன்வரிசையில் நிற்கின்றன. இந்நோயின் பெயரே ஏமாற்றுகிறது: கணுக் காசநோய் உடையவர்களில் பலருக்கு இருமலும் இராது, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும், காய்ச்சலும் எடைக்குறைவும்கூட இல்லாமல் இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களிடம், குறிப்பாக இளம்பெண்களிடம், இது கூடுதலாகக் காணப்படுவதால் திருமண வயதுப் பெண்ணின் கழுத்துக் கட்டியைக் குடும்பம் துப்பட்டாவால் மறைத்துவிடுவதும் நேர்கிறது. தொடக்கத்தில் தனித்தனியாக உருளும் கணுக்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் பாலாடைக்கட்டி போல் சிதைந்து, வலியோ சூடோ இன்றி நெகிழ்ந்து, தசைப்போர்வையைத் துளைத்துத் தோலுக்கடியில் இரண்டாம் பை ஒன்றை உண்டாக்குகின்றன; அவ்வேளையில் மேலே தெரியும் சீழை மட்டும் கீறி வடித்தால், அடியிலுள்ள பெரிய பை அப்படியே இருக்க, மாதக்கணக்கில் ஆறாத புரைதான் எஞ்சும்.

நீரிழிவு இதனோடு பின்னிப் பிணைந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியாவில் வயது வந்தவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தபோது, இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 30ஐத் தாண்டியிருந்தது. நீரிழிவு காசநோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. கழுத்துக் கட்டியோடு வரும் நடுவயதினருக்குச் சர்க்கரை அளவைப் பார்ப்பதும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்பதும் துணைச் சோதனைகள் என்ற நிலையைக் கடந்து முதற்கட்டத்திலேயே இடம்பெற வேண்டியவை. தோலில் மருந்து குத்திப் பார்க்கும் மாண்டோ சோதனையோ, பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படும் நாட்டில், தனியே முடிவு சொல்லும் வலிமை அற்றது.

நீரிழிவு உடையவரின் சீழ்க்கட்டி மற்றொரு நோயையும் நினைவூட்டியாக வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற அந்நோயை 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் இனங்கண்டனர். அதற்கு அப்பெயரை 1921இல் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டேன்டனும் ஃபிளெட்சரும். அகழியிலும் சேற்றிலும் வெறுங்காலோடு வேலை செய்பவரிடம் நிமோனியாவாகவோ கல்லீரல் சீழ்க்கட்டியாகவோ வெளிப்படும் இந்நோய், சிறார்களிடம் கன்னச் சுரப்பியிலும் கழுத்துக் கணுவிலும் சீழாகத் திரள்வது உண்டு. உருப்பெருக்கியின் கீழ் இது காசநோயைப் போன்றே தோன்றலாம் என்பதுதான் இடர். காசநோய் மலிந்த நாட்டில் ‘கிரானுலோமா’ என்ற சொல்லை, அதாவது அழற்சி அணுக்கள் உருண்டையாகத் திரண்ட தோற்றத்தை, அறிக்கையில் கண்டவுடன் ஆறு மாதக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடும் பழக்கம் பெரும்பாலும் சரியாகவே முடிகிறது. அவ்வாறு முடியாத சில நோயாளிகளின் சீழ், நுண்ணுயிர் வளர்ப்புக்கு அனுப்பப்படாமல் எறியப்பட்டது என்பது பின்னரே தெரியவரும்.

இதே ஆராய்ச்சிக் கழகத்தோடும் இதே செம்பனைத் தோட்டங்களோடும் உண்ணிக் காய்ச்சலின் வரலாறும் இணைந்துள்ளது. 1920களில் ஃபிளெட்சரும் லெஸ்லரும் மலாயாவின் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தபோது, கடைத்தெருக்களில் வருவது ஒன்று, புதரும் லாலாங் புல்லும் மண்டிய இடங்களில் வேலை செய்வோருக்கு வருவது மற்றொன்று, அதாவது உண்ணிக் காய்ச்சல், என்று பிரித்தறிந்தனர். இரத்த நீரோடு கலந்து பார்க்கும் ஆய்வுக்கூடக் கிருமி வகைகளுள் கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வகை மட்டும் இரண்டாவது கூட்டத்தாரின் இரத்தத்தோடு வினைபுரிந்தது. எதிர்பாராத அந்த வேறுபாடே பிரிவினைக்குச் சான்றானது. எலிகளின் மேல் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்த இடத்தில் வலியற்ற கருகிய பொருக்கு ஒன்று உண்டாகி, அதன் வடிகால் கணு வீங்கி, கடுங்காய்ச்சலும் தலைவலியும் தொடர்வது இந்நோயின் இயல்பு. பொருக்கு காதுக்குப் பின்னோ தலைத்தோலிலோ அமைந்தால் வீங்குவது கழுத்துக் கணு. இரத்தச் சோதனைகள் தாமதிக்க, சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளையும் இடுப்புக் கச்சையின் கீழும் காதுமடலின் பின்னும் தேடிப் பார்க்கும் ஐந்து நிமிடமே முடிவைத் தரக்கூடும். 1948இல் அமெரிக்காவின் ஸ்மேடல் குழுவினர் கோலாலம்பூருக்கு வந்து குளோரம்பெனிகால் மருந்தால் இக்காய்ச்சலைக் குணப்படுத்திக் காட்டினர். இன்று டாக்சிசைக்கிளின் போதும். நோயை நினைத்துப் பார்க்காமையே இன்று அதற்கு எஞ்சியிருக்கும் ஆபத்து. சதுப்பு நிலக் கொசுவால் பரவும் யானைக்கால் நோய் இக்கரையோரத்தின் மற்றொரு பழைய துன்பம் என்றாலும், அது தொடையிடுக்குக் கணுக்களையே நாடுவதால் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

புற்றுநோய்க்கு வரும்போது இனமும் பழக்கமும் வேறு வேறு திசைகளைக் காட்டுகின்றன. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடமே மிகுதி; அதன் முதன்மைக் காரணம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம், அதனோடு புகைப்பழக்கமும், சம்சு போன்ற மலிவு மதுவும் சேர்வது. புகையிலை சேராத பாக்குத் தாம்பூலமும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறுதியிட்டுள்ளது. உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கி மணிக்கணக்கில் வைத்திருக்கும் மூதாட்டிக்கு அவ்விடத்திலேயே வெள்ளைத் திட்டும் பின்னர் ஆறாத புண்ணும் தோன்றுகின்றன. வலி இராததாலும் சிவந்த வாய் அதை மறைப்பதாலும் அவர் மருத்துவரிடம் காட்டுவது தாடையடியில் புடைத்த கல்போன்ற கணுவையே. கையுறை அணிந்த விரலைக் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் பக்கங்களிலும் அடிவாயிலும் செலுத்தித் தடவினால் முதற்புண் அகப்பட்டுவிடும். தோட்டங்களை நாடிச் சென்று வாய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தை மலேசிய சுகாதார அமைச்சு 1990களின் இறுதியிலிருந்து நடத்திவருகிறது என்பது இதன் கனத்தை உணர்த்தும்.

வட சிலாங்கூரின் செகிஞ்சானில் வாழும் சீன மீனவருக்கோ நெல் விவசாயிக்கோ அதே கட்டி வந்தால் எண்ணம் மூக்கின் பின்புறத் தொண்டைக்குச் செல்ல வேண்டும். தென்சீன வழியினரிடம் மிகுந்து காணப்படும் அப்புற்றுநோய், எப்ஸ்டீன்–பார் வைரசோடு தொடர்புடையது. ஒரு காது அடைப்பு, எச்சிலில் இரத்தக் கீற்று, கழுத்தின் மேற்பகுதியில் கட்டி என்ற மூன்றுமே அதன் முதல் அடையாளங்களாக அமைகின்றன. தமிழர்களிடம் அது அரிது. அரிது என்பதால் விலக்கப்படுவதில்லை. நிணநீர்ப் புற்றுநோய் எல்லா இனத்தாரிடமும் வலியற்ற, ரப்பர் போன்று துள்ளும் கணுக்களாக வரும். இரவு வியர்வையும் எடைக்குறைவும் காசநோய்க்கும் அதற்கும் பொது. 1972இல் ஜப்பானியரான கிக்குச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியே விவரித்த, தானே வந்து தானே மறையும் கணு அழற்சி ஆசிய இளம்பெண்களிடம் இவ்விரண்டின் வேடத்தையும் புனைவதால், அதை அறியாத ஆய்வாளரின் முடிவு தேவையற்ற கீமோதெரபிக்கோ ஆறு மாதக் காசநோய் மருந்துக்கோ இட்டுச் செல்லும்.

சோதனைகளின் வரிசை குறித்து நூற்றாண்டுப் பழக்கம் ஒன்று தெளிவாக உள்ளது. நியூயார்க்கின் அறுவை மருத்துவர் ஹேஸ் மார்ட்டின் 1930இல் எல்லிஸுடன் சேர்ந்து ஊசியால் கட்டியைக் குத்தி அணுக்களை உறிஞ்சிப் பார்க்கும் முறையை வெளியிட்டார். அவரே 1944இல், வாயையும் தொண்டையையும் தேடாமல் கழுத்துக் கணுவை அறுத்தெடுக்கும் வழக்கத்தைக் கண்டித்தார், ஏனெனில் வாய்ப்புற்றால் வந்த கணுவை அறுத்துவிட்டால் பின்னர் செய்ய வேண்டிய முழு அறுவைக்கு அந்தத் தழும்பும் சிதறிய அணுக்களும் தடையாகின்றன. ஆகவே முதலில் தலைத்தோலும் வாயும் தொண்டையும், அடுத்து அல்ட்ராசவுண்டும் ஊசியும், இறுதியிலேயே கத்தி. உறிஞ்சிய துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எஞ்சியதைக் காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனைக்கும் வளர்ப்புக்கும் பகிர்வது இன்றியமையாதது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் எக்ஸ்பெர்ட் என்னும் அம்மரபணுச் சோதனையைக் கணுத் திசுவுக்கும் பரிந்துரைத்த பின், ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உள்ளதா என்பதும் சில மணி நேரத்தில் தெரியவருகிறது. திசு முழுவதையும் பார்மலினில் போட்டுவிட்டால் வளர்ப்புச் சோதனை அத்தோடு முடிந்தது. சிறிய மருத்துவமனைகளில் அடிக்கடி இழக்கப்படுவது இவ்வாய்ப்பே. நிணநீர்ப் புற்றுநோய் ஐயமானால் ஊசித்துளி போதாது, கணுவை முழுதாக எடுத்து அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும்.

இவ்வரிசையைத் தோட்டத்திலிருந்து பின்பற்றுவது எளிதன்று. ஒரு ரிங்கிட் கட்டணத்தில் குடிமகனைப் பார்க்கும் அரசு சுகாதாரக் கிளினிக்கும் தஞ்சோங் காராங் மருத்துவமனையும் முதற்படியைத் தரும். காது மூக்குத் தொண்டை நிபுணரும் திசு ஆய்வும் சுங்கை பூலோ, செலாயாங், கிள்ளான் ஆகிய பெரிய மருத்துவமனைகளில். நாட்கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். வெளிநாட்டுத் தொழிலாளரின் நிலை இன்னும் கடினம்: அவருக்குரிய கட்டாய மருத்துவப் பரிசோதனை காசநோயை நெஞ்சு எக்ஸ்ரேயால் தேடுவதால், சுத்தமான எக்ஸ்ரேயோடு கழுத்தில் கட்டி வைத்திருப்பவர் அதில் தேறிவிடுவார், கட்டியைக் காட்டினால் அனுமதி பறிபோகுமோ என்ற அச்சத்தில் அதைச் சட்டைக் காலருக்குள் மறைப்பார்.

நோய் அறியப்பட்ட பிறகும் ஐயம் தீர்வதில்லை. கணுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து உட்கொள்ளும் நோயாளிகளுள் கணிசமானோருக்கு, முதல் இரண்டு மூன்று மாதங்களில் கட்டி குறைவதற்கு மாறாகப் பெருத்துப் புதிய கட்டிகளும் தோன்றுகின்றன. மடிந்த கிருமிகளுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றல் மீண்டெழுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளி அதை நிறுத்துவதும், மருத்துவர் நோயறிதலே தவறென்று கருதுவதும் இக்கட்டத்தில்தான். சீழை மீண்டும் ஊசியால் எடுத்து வளர்ப்புக்கும் மருந்தெதிர்ப்புச் சோதனைக்கும் அனுப்பி, அதே மருந்தைத் தொடர்வது முறை; ஆறு மாதம் முடிந்த பின்னும் பட்டாணி அளவில் வலியற்று எஞ்சும் கணு, வளராதவரை, மருந்தை நீட்டிப்பதற்குக் காரணமாகாது.